பழைய காரில் கூலண்ட் பார்ப்பதும் ஊற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் போன்ற கார்களை இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை மனத்தில் வைத்து இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டதால், அவற்றில் கடைசியாக வெளிவந்த வண்டிக்கும் இன்று பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ரப்பர் ஹோஸும் ரேடியேட்டர் மூடியும் மாற்றப்படாமல் இருந்தால் அந்த வயதுக்கு உரிய தளர்ச்சியோடுதான் இருக்கும். ஆகவே, ரேடியேட்டரோடு இணைந்த பாட்டிலில் கூலண்ட் (இன்ஜினின் சூட்டை வாங்கிச் செல்லும் திரவம்) குறைந்ததை நிரப்பிவிட்டு பானட்டை மூடுவதோடு வேலை முடிவதில்லை. குறைந்தது எங்கே போயிற்று என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் தண்ணீர் உறையும் குளிர் கிடையாது. பிறகு கூலண்ட் எதற்கு? வெறும் தண்ணீர் போதாதா?

சூட்டை வாங்கிச் செல்லும் திறனில் தண்ணீரை மிஞ்சக்கூடிய திரவம் எளிதில் கிடைக்காது; கூலண்ட் கலந்த தண்ணீரும்கூட இந்த ஒன்றில் தூய தண்ணீருக்குச் சற்றுப் பின்தங்கியதுதான். ‘தண்ணீரிலேயே இத்தனை வருஷம் ஓடியது’ என்று சொல்கிற பழைய மெக்கானிக்குகளின் பேச்சில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குள் தொட்டுச் செல்வது ஒரே உலோகத்தை அல்ல. வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப் பற்று (சால்டர்) எனப் பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து நிற்கும்போது, அவற்றில் ஏதாவது ஒன்று அரிபட்டுக்கொண்டே இருக்கும். கூலண்டில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பான்களின் வேலை அதைத் தடுப்பது. நம் ஊர் வண்டிக்குக் கூலண்ட் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுவே. உறையாமல் காப்பது இங்கே இரண்டாம்பட்சம்.

அடுத்தது கொதிநிலை. கூலண்டின் முதன்மைப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்திலேயே ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் தூய தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கலவையோ 125 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி மிக முக்கியமானது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் கெட்டுப்போய் அழுத்தம் நிற்காத வண்டியில், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும் 82 டிகிரிக்கும் கொதிநிலைக்கும் நடுவே பத்துப் பதினோரு டிகிரிதான் மிச்சம் என்று பொருள்.

எப்போது பார்க்க வேண்டும்?

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பு, சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சூடான இன்ஜினில் பாட்டிலின் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்ப இயலாது. மொத்தம் 4 லிட்டர் பிடிக்கும் ஒரு சிறிய காரில், திரவம் சூடாகி விரிவதால் மட்டும் 150 முதல் 200 மி.லி. வரை பாட்டிலுக்கு ஏறி இறங்கும். குளிர்ந்த நிலையில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையில் இருந்தால் போதுமானது.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேற்பட்ட திரவம் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் நிற்கிறது. மூடி தளர்ந்த நொடியில் அது ஆவியாக மாறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஈரத்துணியைப் போர்த்தித் திறக்கலாம் என்பது பலர் சொல்லும் வழி. அந்தத் துணி ஆவியைத் தடுக்காது. மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, அது இறுக்கமின்றித் துவண்டும், வெறுங்கையால் பிடிக்கும் சூட்டிலும் இருந்தால் மட்டுமே மூடியில் கை வைக்கலாம். மின்விசிறி உள்ள சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால், வேட்டி முனை, துப்பட்டா, விரல் எதையும் அதன் அருகே கொண்டுபோக வேண்டாம்.

பாட்டிலில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. ரேடியேட்டரையும் ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

பழைய வண்டிகளில் மிகுதியாக ஏமாற்றும் இடம் இதுதான்; எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உள்ளன. பெரியது, அழுத்தம் எல்லை மீறும்போது திறந்து, விரிந்த திரவத்தைச் சிறிய குழாய் வழியாகப் பாட்டிலுக்கு அனுப்புகிறது. நடுவில் உள்ள சிறியது, இன்ஜின் குளிரும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தால் திறந்து, பாட்டிலில் உள்ளதைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இந்தச் சிறிய வால்வு துருவேறி ஒட்டிக்கொண்டாலும், பாட்டிலுக்குச் செல்லும் குழாயில் வெடிப்பு விழுந்தாலும், போன திரவம் திரும்பி வராது. குழாய் திரவத்தை இழுப்பதற்குப் பதிலாகக் காற்றை இழுக்கும்; பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் வற்றியும் நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

ஆகவே, பழைய காரில் மாதம் ஒரு முறையாவது, குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, திரவம் கழுத்து வரை நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்போதே மூடியையும் திருப்பிப் பார்க்கலாம்: ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, நடுவில் உள்ள சிறு வால்வை நகத்தால் இழுத்தால் திரும்பித் தன் இடத்தில் அமர்கிறதா என்று கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் புதியது வாங்குவது நல்லது. இந்த வண்டியில் நீங்கள் வாங்கும் பொருள்களில் விலைக்கு மீறிப் பயன் தருவது அதுவாகத்தான் இருக்கும். மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்பது போன்ற ஓர் எண் பொறித்திருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண்ணையே கேட்டு வாங்குங்கள். அதிக அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டால் வண்டி சூடாகாது என்று எண்ணிப் பெரிய எண்ணைப் பூட்டினால், பழைய ரேடியேட்டரின் பற்று விட்டுப்போகும்.

எங்கள் வண்டியில் பாட்டிலே இல்லையே?

பழைய அம்பாசடர்கள் சிலவற்றில் அப்படித்தான். அங்கே விரிந்த திரவம் தரையில் வழிந்துபோகும். திரும்பி வருவதற்கு வழியில்லை. எனவே கழுத்து வரை நிரப்பாமல், கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்த வேண்டும். விளிம்பு வரை ஊற்றி, முதல் ஓட்டத்திலேயே அரை டம்ளர் வழிந்ததைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

முறையாக ஊற்றுவது எப்படி?

குறைந்தது சிறிதளவு என்றால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதலில் ரேடியேட்டரிலும் பிறகு பாட்டிலிலும் ஊற்றி மூடினால் போதும். அரை லிட்டருக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும் என்பதால், அதை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஹீட்டர் உள்ள கார்களில் அதன் பிடியைச் சூட்டுப் பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, ரேடியேட்டரைக் கழுத்து வரை மெதுவாக நிரப்பி, மூடியைப் போடாமலேயே இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸை இடையிடையே அமுக்கிவிட்டால் குமிழ்கள் வெளிவரும். சிறிது நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்து, அதுவரை குளிர்ந்திருந்த ஹோஸ் திடீரெனச் சூடாகும். அப்போது அளவு சட்டென இறங்கும். மீண்டும் நிரப்பி, குமிழ் நின்றதும் மூடியைப் பூட்டி, பாட்டிலை மேல் குறி வரை கொண்டுவர வேண்டும். அளவு இறங்குவதற்குப் பதிலாகத் திரவம் பொங்கி எழத் தொடங்கினால் இன்ஜினை உடனே நிறுத்திவிட்டு விலகி நிற்கவும். ஒரு சிறிய ஓட்டத்துக்குப் பின், வண்டி முழுவதும் குளிர்ந்ததும் இன்னொரு முறை பார்ப்பது அவசியம். பெரும்பாலும் மேலும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

உள்ளே தங்கிய காற்று, வெப்பமானியை ஏமாற்றவும் வல்லது. வெப்பம் அறியும் உணரி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். திரவம் வற்றி அது காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நடுவில் அமைதியாக நிற்கும். ஓட்டத்தின் நடுவே முள் காரணமில்லாமல் கீழே இறங்கினால் மகிழ்ச்சியடையாமல் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று கடையில் பல நிறங்கள் உள்ளன. எதை வாங்குவது?

நிறம் வெறும் சாயம். பழைய முறைக் கூலண்ட் பச்சையாகவும், நீடித்து உழைக்கும் கரிம அமில வகை சிவப்பாகவும் இருப்பது வழக்கமாக இருந்தாலும், ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த சாயத்தைச் சேர்ப்பதால் நிறத்தை வைத்து வகையை முடிவு செய்ய இயலாது. ஏற்கெனவே உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால் அதே வகையைத் தொடருங்கள். தெரியாவிட்டால் வெவ்வேறு வகைகளைக் கலந்து பார்ப்பதைவிட, முழுவதும் வடித்து, தூய தண்ணீரால் அலசி, புதிதாகத் தொடங்குவதே என் பரிந்துரை. பொருந்தாத வகைகள் கலந்தால் தடுப்பான்களின் ஆயுள் குறையும். சில வேளைகளில் கூழ் போன்ற படிவும் உண்டாகும்.

நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியது, டப்பாவில் உள்ள எழுத்து. அப்படியே ஊற்றத் தக்கதா, தண்ணீர் சேர்க்க வேண்டிய அடர்கூலண்டா என்பதை முதலில் பாருங்கள். அடர்கூலண்டைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினால் நன்மை இரட்டிப்பாகும் என்று எண்ணுவது தவறு. தனிக் கிளைக்கால் கலவையைவிடக் குறைவாகவே சூட்டை வாங்கும். அடுத்து, ‘ஜேஐஎஸ் கே 2234’, ‘ஏஎஸ்டிஎம் டி 3306’ போன்ற தர எண் ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். கிளைக்கால் எத்தனை சதவீதம் என்ற குறிப்பே இல்லாமல் மிக மலிவாக விற்கப்படும் பச்சைத் திரவம் பெரும்பாலும் சாயத் தண்ணீர். சரிபாதிக் கலவை ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,070 கிராம் எடை இருக்கும். தண்ணீர் 1,000 கிராம்தான். தராசு வைத்திருப்பவர்கள், டப்பாவின் எடையைக் கழித்துவிட்டு, வாங்கியது எது என்று தாங்களே சோதித்துக்கொள்ளலாம். சமையலறைப் பாத்திரத்தில் மட்டும் ஊற்றி நிறுக்க வேண்டாம், அது நஞ்சு.

கலப்பதற்கு எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர்?

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எல்லா மெக்கானிக் கடைகளிலும் கிடைக்கிறது, அதுவே சரியானது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் குடத்தில் வெண்படலமாகப் படிவது போலவே சிலிண்டர் தலையின் நீர்வழிகளிலும் படியும். சுவர்மேல் படிந்த அந்தப் படலம் சூட்டை வெளியே விடாது. கடலோர ஊர்களின் உப்புத் தண்ணீர் அதனினும் கேடு; அதில் உள்ள குளோரைடு அலுமினியத்தைத் துளைக்கும். கேன் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வழியில் ஆபத்துக்கு ஊற்றலாம், வழக்கமாக வேண்டாம். ஏசி தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் குளிர்சுருளின் தூசியையும் உலோகத்துகளையும் கழுவிக்கொண்டுதான் வருகிறது. சில ரூபாய் மிச்சத்துக்காக அதைப் பிடித்துவைக்கத் தேவையில்லை.

எவ்வளவு குறைந்தால் இயல்பு? எங்கேயும் ஒழுகவில்லை, ஆனாலும் குறைகிறதே?

பாட்டிலோடு கூடிய நல்ல நிலையிலுள்ள வண்டியில் பல மாதங்களுக்கு அளவு ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். பாட்டிலில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, தேதியோடு கோடு போட்டு வைத்தால் நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்குள் இரண்டாம் முறை ஊற்ற நேர்ந்தால் அது கசிவுதான். ‘சூட்டில் ஆவியாகிறது’ என்று யாரேனும் சொன்னால், மூடியிட்ட அமைப்பிலிருந்து ஆவி எந்த வழியாகப் போனது என்று கேளுங்கள். அந்த வழிக்குப் பெயரும் கசிவே.

தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது. நுண்ணிய கசிவு பெரும்பாலும் சூடும் அழுத்தமும் ஏறிய பின்பே தொடங்கும். வெளிவந்த துளி சூடான உலோகத்தின் மேலேயே உலர்ந்துவிடும். ஆனால் அது தடயம் விடாமல் போகாது. குளிர்ந்த இன்ஜினில் டார்ச் அடித்து, ஹோஸ் கிளிப்புகளின் விளிம்பு, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி உலோகத்தோடு சேரும் இடம், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை, இன்ஜின் பக்கவாட்டில் உள்ள வட்டமான வெல்ச் பிளக்குகள் ஆகியவற்றில் வெளிறிய பொருக்கோ பச்சைக் கறையோ இருக்கிறதா என்று தேடுங்கள். வாட்டர் பம்பின் அந்தத் துளை, உள்ளே சீல் கெட்டால் காட்டிக்கொடுப்பதற்கென்றே விடப்பட்டது. அதை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளும் உண்டு. அடைத்தால் திரவம் பேரிங்கை நோக்கிப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். காருக்குள் இனிப்பு வாடை வந்து, முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாக மங்கினால், ஹீட்டர் பெட்டிக்குள் கசிகிறது.

வெளியில் எதுவும் கிடைக்காவிட்டால் உள்ளே பார்க்க வேண்டியதுதான். சூடேறிய பிறகும் புகைக்குழாயில் அடங்காத வெள்ளைப் புகை, மூடி திறந்த ரேடியேட்டரில் நிற்காமல் வரும் குமிழ், டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் ஆகியவை ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) விட்டுப்போனதற்கு அடையாளங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணுரை இருந்தால் பதற வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரம் அங்கே படிவதுண்டு. ஆயிலே நிறம் மாறியிருந்தால் வண்டியை இயக்காமல் கட்டி இழுத்துச் செல்லுங்கள். தெளிவு வராத நிலையில், ரேடியேட்டர் கடையில் கைப் பம்பு கொண்டு அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லலாம். முள் இறங்கினால் கசிவு உறுதி.

மலை ஏறும்போது வண்டி கொதித்துவிட்டால் என்ன செய்வது?

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இரண்டாம் கியரிலும் முதல் கியரிலும் ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் கடுமையாக உழைக்கும். எதிர்க்காற்றோ மிகக் குறைவு. முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் விசிறியோடு போடுங்கள். உள்ளே உட்காருவது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஹீட்டர் இன்னொரு சிறிய ரேடியேட்டராக வேலை செய்யும். அப்படியும் முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி கிளம்பினாலோ உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ‘அடுத்த டீக்கடை வரைக்கும் போய்விடலாம்’ என்று நினைத்துப் போன தூரம்தான் அலுமினியத் தலையை வளைத்துவிடும். மெக்கானிக்குகள் ‘ஹெட் பெண்ட்’ என்று சொல்வது இதையே.

பானட்டின் பூட்டை மட்டும் விடுவித்து, ஆவி அடங்கும் வரை தள்ளி நில்லுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, பெல்ட் அறுந்ததா, விசிறியின் ஃபியூஸ் போனதா, ஹோஸ் வெடித்ததா என்று பாருங்கள். பல பழைய கார்களில் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட் சுழற்றுவதால், அது அறுந்தால் பேட்டரி விளக்கும் எரிந்திருக்கும்; அந்நிலையில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பயனில்லை. மற்றபடி, இன்ஜின் குளிர்ந்த பிறகு குடிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை செல்லலாம். சூடான இன்ஜினில் ஓடைத் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்ப்பவர்களை மலைச்சாலைகளில் இன்றும் காணலாம். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் வெடிக்கும். வீடு திரும்பியதும் நீர்த்துப்போன கலவையை மாற்ற மறக்க வேண்டாம்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடலாமா?

நடுவழியில் வேறு வழியே இல்லாத லாரி ஓட்டுநர் கண்டுபிடித்த உத்தி அது. சிறு துளையை ஓரளவு அடைக்கவும் செய்யும். ஆனால் அந்தத் தூளுக்குத் துளை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று பிரித்தறியத் தெரியாது. கடையில் விற்கும் கசிவடைப்பான்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். போட்டே ஆக வேண்டியிருந்தால், ஊர் போய்ச் சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்யும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் வண்டி சூடாகாது என்கிறார்களே?

கழற்றினால் முள் இறங்கும் என்பது மெய்தான். ஆனால் இன்ஜின் தனக்கு உரிய சூட்டை எட்ட நீண்ட நேரம் ஆகும். அதுவரை எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஆயில் கெட்டியாகவே இருக்கும், தேய்மானம் மிகும். ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டுக்கு மாற்று, புதிய தெர்மோஸ்டாட். பழையதைக் கொதிநீரில் போட்டு அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டே முடிவு செய்யலாம்.

பல ஆண்டுகள் தண்ணீரிலேயே ஓடிய வண்டியைக் கூலண்டுக்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் மாற்றிய சில வாரங்களில் புதிய கசிவுகள் தோன்றினால் கூலண்டைக் குறை சொல்ல வேண்டாம். அதுவரை ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது துருவும் சுண்ணாம்பும். அவை இளகி வரும்போது ஓட்டை வெளிப்படுகிறது. முன்கூட்டியே ஹோஸ்களையும் மூடியையும் மாற்றி, வடியும் தண்ணீர் நிறமில்லாமல் வரும் வரை அலசிவிட்டு மாற்றுவதே முறை. அதன் பிறகு, பழைய முறைக் கூலண்டை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். நிறம் துருவாக மாறினால் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது?

எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. சிந்தியதை நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைக்கக்கூடும். சிறிதளவே உட்சென்றாலும் சிறுநீரகங்களைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம். யாரேனும் விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; ஆரம்பத்தில் எதுவும் இல்லாததுபோலத் தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ கூலண்டை ஊற்றி வைப்பது இதனாலேயே பெரும் தவறு. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களிலிருந்து வடித்ததில் பற்றிலிருந்து கரைந்த ஈயமும் இருக்கும். அதைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கிணற்றருகிலோ ஊற்றாமல், பெயர் எழுதிய மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுத்துச் செல்வோரிடம் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனாகவே கொடுக்க வேண்டும்.